தனிக் குழாயில் வந்த ஒயர்

விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது. ஜெயசுதா அரிசி களைந்த ஈரக்கையை நைட்டியில் துடைத்தபடி கூடத்துக்கு வந்து, வாசல் கதவோரம் மாட்டியிருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே ஒருவரும் இல்லை. மழையில் ஊறிய மண்சாலையும் அதற்கு அப்பால் ஆளுயரக் கரும்பும் மட்டும் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக நடுங்கிக்கொண்டிருந்தன. பித்தானை அழுத்தி யாரென்று கேட்டாள். பதிலுக்கு ங்ங்ங் என்று ஓர் இரைச்சல் வந்தது, குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டது போல.

முந்தின நாளும் இதே நேரத்துக்கு அடித்தது. அதற்கு முந்தின நாளும் அடித்தது. முதல் நாள் தெருப் பையன்களைத் திட்டினாள். அடுத்த நாள் பல்லியைத் திட்டினாள். இன்றைக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை. குருவிநத்தத்தில் அந்தத் தெருவின் கடைசி வீடு அவளுடையது. அதற்குப் பிறகு கரும்பு, கரும்புக்குப் பிறகு ஆறு. அந்தப் பக்கமாக வந்து மணியடித்துவிட்டு ஓடுகிற பையன்களுக்கு வேறு பிழைப்பே இருக்கக் கூடாது.

மோட்டார் கேட்டும் இந்தத் திரையும் அவள் ஆசைப்பட்டு வைத்தவை அல்ல. ஆவணி மாதத்தில் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் தமிழ்க்குமரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே சாய்ந்தான். ஆம்புலன்ஸ் பாகூரைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளும் ஏழு வயது மகள் யாழரசியும்தான். நெட்டப்பாக்கத்தில் இருக்கும் அண்ணன் கலைவேந்தன் தன்னோடு வந்துவிடச் சொல்லிப் பார்த்தான். அவள் அசையவில்லை. சரி, கேட்டையாவது ஒழுங்காகப் பூட்டிக்கொள் என்று ஆள் அனுப்பி இதையெல்லாம் மாட்டவைத்தான். வந்திருப்பது யாரென்று உள்ளேயிருந்தே பார்க்கலாம், பேசலாம், வேண்டியவர் என்றால் பித்தானை அழுத்திக் கேட்டைத் திறக்கலாம். மாட்டிய ஆள் வேலை முடிந்த கையோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

பாகூரில் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட இருந்த ரோஸ்லின், வில்லியனூர் மரியதாசின் நம்பரைக் கொடுத்தாள். வாய் ஓயாத ஆள் அவன். வந்ததும் திரையைக் கழற்றி, பின்னால் இருந்த ஒயரை இழுத்து, பேனாக்கத்தியால் முனையைச் சுரண்டிக் காட்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். அதையும் மோட்டாருக்குக் கரண்ட் போகிற பைப்பிலேயே சேர்த்துத் திணித்திருந்தார்கள்.

"கரண்டும் பேச்சும் ஒரே பைப்புல போவக் கூடாதுக்கா. அந்த ஒயருலேருந்து இந்த ஒயருக்குத் தாவும். அதான் இரையுது, அதான் தானா அடிக்குது. பேய்ல்லாம் ஒண்ணும் கெடையாது" என்று சிரித்தான்.

பேய் என்று அவள் சொல்லவே இல்லை. ஆனாலும் அவன் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வருகிற அளவுக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தவளுக்கு யாரோ மோர் கரைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் ஊரெல்லாம் லைட் போடுகிறார்கள், மின்சாரம் ஏறி இறங்குகிறது, அதனால்தான் அந்த நேரத்துக்கு அடிக்கிறது என்றும் அவன் விளக்கினான். எல்லாம் பொருந்தி வந்தது.

பையிலிருந்து துண்டு ஒயர்களை எடுத்து அவள் முன்னால் பரப்பினான். டெலிபோன் ஒயர் போதும், ஆனால் தூரம் அதிகம், உள்ளேயிருந்து பித்தானை அழுத்தினால் கேட் திறக்காது. உள்ளே நாலு கம்பி ஓடுகிற சாதா நாலு கோர் ஒயர் பரவாயில்லை, ஆனால் மண்ணுக்குள் போனால் ஈரம் ஏறும். கடைசியாக ஒன்றைக் கையில் கொடுத்தான். சுத்தச் செம்பு, மேலே வெள்ளித்தாள் சுற்றி, அதற்கு மேல் பின்னல் வலை, அதற்கும் மேல் கெட்டியான கறுப்பு உறை. வெளியே இருக்கிற எந்தச் சத்தமும் இதற்குள் புகாது, பேசுகிறவர் குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவது போல வரும் என்றான். விலை கூடத்தான். அவள் அதையே போடச் சொன்னாள். தனிக் குழாய், தனிப் பாதை, நல்ல ஒயர்.

மறுநாள் அவள் கடையில் இருந்தாள். யாழரசி பள்ளிக்கூடத்தில். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில், தமிழ்க்குமரனின் சித்தி பவுனம்மாளிடம் இருந்தது. மத்தியானம் மரியதாஸ் போன் செய்தான். தோட்டத்தில் குழாய் புதைத்தாகிவிட்டது, கூடத்துச் சுவரில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டும், எங்கே போடுவது என்று கேட்டான். எதிரில் ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தே தெரியவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "எங்க வேணாலும் போட்டுக்கோ தம்பி" என்றாள்.

அந்த வார்த்தையைப் பிறகு அவள் எத்தனை தரம் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

சாயங்காலம் மகளோடு வீடு திரும்பியபோது திரை இடம் மாறியிருந்தது. கதவோரத்தில் இல்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவிலிருந்த அகலச் சுவரில், கண்மட்டத்துக்கு, கோணல் இல்லாமல் அழகாக மாட்டியிருந்தான். ஜெயசுதா கைப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

தமிழ்க்குமரன் இறந்தது அவிட்டத்தில். அவிட்டம் தொடங்கி ஐந்து நட்சத்திரத்தில் உயிர் போனால் அந்த வீட்டுக்கு அடைப்பு. வாசல் வழியாகக் கொண்டுபோனால் இறந்தவருக்கு வழி தெரிந்துவிடும், திரும்பி வருவார். வந்தால் தனியாகப் போகமாட்டார், வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். அதனால் சுவரை இடித்து, அந்த வழியாகப் பிணத்தை வெளியே எடுத்து, சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் கொத்தனாரை வைத்து அடைத்துவிடுவார்கள். இடித்தது இந்தச் சுவரைத்தான். பூசி, காய்ந்ததும் பழைய நிறத்திலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டதால் பார்க்கிறவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டிருந்தாள். அன்றைக்குப் பவுனம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இப்போது காதில் கேட்டது. "ஆறு மாசத்துக்கு அந்தச் சொவத்துல ஒரு ஆணிகூட அடிக்காதடி. சனிப்பொணம் தனியாப் போவாதும்பாங்க. இது அதுக்கும் மேல."

ஆறு மாதம் ஆகவில்லை. பாதிதான் ஆகியிருந்தது.

சாவியை வாங்கி வைத்திருந்த பவுனம்மாள் கடலூரில் மகள் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் மரியதாசின் கையிலேயே அதைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறியிருந்தாள். கேட்பதற்கு ஆள் இல்லை. அடுப்படிக்குப் போனாள், பால் காய்ச்சினாள், மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு சின்ன ஓட்டைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரல் நுழைகிற ஓட்டை. இந்தக் காலத்தில் போய் இதையெல்லாம் நம்புவதா என்றும் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லப் பயம் கூடிக்கொண்டே போனது. அவள் பயந்தது தனக்காக அல்ல. தமிழ்க்குமரன் உயிரோடு இருந்தபோது வேலை விட்டு வந்து கேட்டை ஆட்டிக்கொண்டே கேட்கிற முதல் வார்த்தை, பாப்பா எங்கே என்பதுதான்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. மணி அடிக்கவில்லை. அவள் திரைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மரியதாஸ் சொன்னது பொய்யில்லை. படம் அசையாமல் நின்றது, இரைச்சல் சுத்தமாகப் போயிருந்தது. அந்த அமைதிக்குள் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக வந்தது. கரும்புச் சோகை ஒன்றோடொன்று உரசுவது. கேட்டின் இரும்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது. தூரத்தில் ஒரு தவளை கத்தி, நிறுத்தி, மறுபடி கத்துவது. ஈர மண் மணமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத்தில் ஏறியது, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தும். பித்தானை அழுத்தாமலே இதெல்லாம் எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியபோது, தவளை கத்துவதை நிறுத்தியது.

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

மெதுவாக, இரண்டு தரம். செருப்பைக் கழற்றும்போது அவன் அப்படித்தான் கனைப்பான்.

"சுதா."

திரையில் யாரும் இல்லை. மண்சாலை. கரும்பு.

இருட்டியபின் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் வாய் தானாகத் திறந்தது. பதில் சொல்ல வேண்டும் என்று உடம்பு முழுக்க ஏங்கியது. மூன்று மாதமாகக் கனவில்கூட வராத குரல். அந்த ஆசைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகப் பயத்தைக் கொடுத்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"பாப்பா எங்க?"

அவளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. யாழரசி பென்சிலைக் கையில் பிடித்தபடி அறை வாசலில் நின்றிருந்தாள்.

"இங்கதாம்பா கீறேன்."

ஜெயசுதா பாய்ந்து போய் மகளின் வாயைப் பொத்தினாள். அதற்குள் சொல்லி முடித்தாகிவிட்டது. சுவரிலிருந்து வேறு சத்தம் வரவில்லை. தவளை மறுபடி கத்த ஆரம்பித்தது. அன்றிரவு மகளைக் கட்டிக்கொண்டு, விளக்கை அணைக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். யாழரசி நன்றாகத் தூங்கினாள். தூக்கத்தில் இரண்டொரு தரம் சிரித்தாள்.

மறுநாள் கனமழை, பள்ளிக்கூடம் விடுமுறை. மரியதாசைக் கூப்பிட்டாள். என்னவென்று சொல்லவில்லை, வந்து பார் என்று மட்டும் சொன்னாள். அவன் மத்தியானம்தான் வந்தான். திரையில் தானாகச் சத்தம் கேட்கிறது என்றதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் போட்ட ஒயரில் அப்படி நடக்கவே நடக்காதாம். குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் போய், அங்கே மாட்டியிருந்த கேமராப் பெட்டியைத் திருகி எடுத்து, கையில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டான்.

"பாருக்கா. வாயே என் கைல கீது. இனிமே எங்கேருந்து பேசும்?"

திரை கறுத்துப் போயிருந்தது. இருவரும் அதையே பார்த்து நின்றார்கள். யாழரசி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஓட்டுச் சாய்ப்பின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

கறுத்த திரை தொண்டையைக் கனைத்தது.

"இருப்பா, வரேன்" என்றாள் யாழரசி. படத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மரியதாஸ் சிலுவை போட்டுக்கொண்டான். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான், வைத்த பிறகும் அவன் விரல்கள் அதைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன. அப்போதுதான் ஜெயசுதா அவனிடம் சுவரைப் பற்றிச் சொன்னாள். அவன் சுவரை விட்டு இரண்டடி தள்ளி நின்றான். மற்ற இடமெல்லாம் பழைய சுவர், ட்ரில் ஏறாமல் வழுக்கியது, இங்கே தட்டிப் பார்த்தபோது புதுச் செங்கல் என்று தெரிந்தது, சுலபமாகப் போகும் என்றுதான் இங்கே போட்டேன் என்றான். போட்டதும் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றான். தனக்கு அடைப்பு என்றால் என்னவென்றே தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எங்கே வேண்டுமானாலும் என்று சொன்னது அவள்தானே.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டையை அடைக்கச் சொன்னாள். அவன் திரையைக் கழற்றினான். கறுப்பு ஒயரைச் சுவரிலிருந்து இழுத்து வெளியே எடுத்தான், அது ஈரமாக வந்தது. தோட்டத்துக் கொட்டகையில் மிச்சமிருந்த சிமென்டைக் குழைத்து, ஓட்டைக்குள் பார்க்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரண்டியால் அடைத்துத் தேய்த்தான். காலையில் காய்ந்து கல்லாகிவிடும், அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம் என்றான். கேட்டிலும் ஒயர் முனைகள் திறந்து கிடக்கின்றன, மழைத்தண்ணீர் வேறு, குழந்தையை அந்தப் பக்கமே விடாதீர்கள் என்றும் சொல்லிவிட்டு, கூலிகூட வாங்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

ஜெயசுதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரூபாய்க் காசு அளவுக்கு ஈரச் சிமென்ட். அவ்வளவுதான். நெஞ்சில் வைத்திருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. முடிந்துவிட்டது என்று சத்தமாகவே சொன்னாள்.

யாழரசி பக்கத்தில் வந்து நின்று அந்த ஈர வட்டத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏம்மா அடச்சீங்க? அப்பா உள்ளதானே கீறாரு. இப்ப எப்பிடிப் போவாரு?"

ஜெயசுதா மகளைச் சுவரை விட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்பா எங்கே என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் மகள் விரல் நீட்டிக் காட்டிவிடுவாள் என்று பயந்தாள். கூடம் முழுக்க ஈர மண் மணம். வெட்டிவேர் கட்டின மாலை அழுகின வாசனை. அது நேற்றிலிருந்தே இருந்தது. வெளியேயிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவுக்குப் போன் செய்தாள். நெட்டப்பாக்கம், உடனே வா என்றாள். ஒரு பையில் கைக்கு வந்த துணியைத் திணித்தாள். அதற்குள் மின்சாரம் போய்விட்டது. சாயங்காலத்துக்கு முன்பே வீடு இருண்டது. கரண்ட் இல்லாமல் மோட்டார் கேட் நகராது, மோட்டாரின் வயிற்றில் சாவி போட்டுத் திருகினால்தான் கையால் தள்ள முடியும். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே போய்விடலாம் என்று வாசல்வரை வந்தாள். கேட்டடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. திறந்து கிடக்கும் ஒயர் முனைகள். கரண்ட் எந்த நிமிடம் வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.

யாழரசியை வாசல் கதவுக்கு நேராக நாற்காலியில் உட்காரவைத்தாள். பையை மகள் மடியில் வைத்தாள். கேட்டிலிருந்து பார்த்தால் தெரியும்.

"அசையாம ஒக்காரு. அம்மாவப் பாத்துனே இரு. யாரு கூப்ட்டாலும் பதில் சொல்லாத. சரியா?"

யாழரசி தலையாட்டினாள்.

ஜெயசுதா பின்பக்கமாகவே நடந்தாள். கண்ணை எடுக்கவில்லை. மழை முகத்தில் அடித்தது. நாற்காலி தெரிந்தது. மகள் தெரிந்தாள். கேட்டில் முதுகு இடித்தது. குனிந்து சாவியைத் துளையில் வைத்தாள். வழுக்கியது. மகளைப் பார்த்தாள். இருந்தாள். மறுபடி வைத்தாள். திருகினாள். துரு. இன்னும் ஒரு திருகு. மோட்டார் க்ளுக் என்றது.

நிமிர்ந்தாள்.

நாற்காலியில் பை மட்டும் இருந்தது.

ஓடினாள். கூடம் காலி. அறை காலி. கட்டிலுக்கு அடியில் இல்லை. அடுப்படியில் இல்லை. பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. வாசல் வழியாகப் போயிருந்தால் தன்னைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். யாழு, யாழு என்று கத்தினாள். தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தது. வீட்டுக்குள் பதில் இல்லை. மண் மணமும் இல்லை. அது முழுசாகப் போயிருந்தது. கூடத்தில் பிளீச்சிங் பவுடரும் காலையில் வைத்த சாம்பாரும் மட்டும் மணந்தன.

அந்தச் சுவரை அவள் கடைசியாகத்தான் பார்த்தாள்.

ஈரச் சிமென்டில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. கிட்டே போனாள். ரிப்பன். காலையில் அவள் கையால் மகளுக்குப் பின்னிக் கட்டிவிட்ட ரிப்பன். விரல் நுழைகிற அந்த வட்டத்தின் நடுவிலிருந்து ஒரு முழம் வெளியே தொங்கியது. நுனியில் ஒரு கற்றை முடி.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அசைந்தது.

உள்ளே போனது. ஒரு விரற்கடை. நின்றது. மறுபடி ஒரு விரற்கடை. அவசரமே இல்லாமல், சிக்கிக்கொள்ளாதபடி பார்த்துப் பார்த்து, அந்தப் பக்கம் நின்று யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள்.